உம்மா சொல்லாத வரிகள்

எயார்மெயில் கடிதத்தின் நீலத்தாளைப் பிரிக்கும்போது பொரித்த அப்பளம் நொறுங்குவதைப் போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கிண்ணியாவில் எங்கள் வீட்டில் அடுப்பில் இருந்தது அடிப்பிடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வாப்பா சவூதியில் தண்ணி ஏற்றும் பவுசர் லொறி ஓட்டினார். ஓர் அறையில் எட்டுப் பேராக இருந்தார். உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுதத் தெரியாது. ஆகவே அவ சொல்லச் சொல்ல எழுதும் பெரும் பதவி, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு வந்து சேர்ந்தது.

உம்மா சொல்லும் கடிதம் எப்போதும் ஒரே கடிதம்தான். "நாங்க எல்லாரும் சுகம். உங்கட சுகத்துக்கு துஆ செய்யிறம். கோழி அடைகிடக்குது." அவ்வளவுதான். ஒரு கோழிக்காகவா இந்த நீலத்தாள் இவ்வளவு கடலைத் தாண்ட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்தத் தவணையில்தான் எங்கள் தமிழ் டீச்சர் உயர்வு நவிற்சி அணியைப் படிப்பித்தார். இருப்பதை இருப்பதைவிடப் பெரிதாக்கிச் சொல்லலாம், அது குற்றமில்லை, அதற்குப் பெயரே அழகு என்று அவர் சொன்னபோது நான் வாங்கிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். வீட்டில் "புளுகு" என்று அடி வாங்கித் தந்த ஒன்றுக்குப் பள்ளிக்கூடத்தில் புள்ளி போடுகிறார்களாம்! அடுத்த கடிதத்திலேயே ஆரம்பித்தேன். தம்பி அழுதால் திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன என்று எழுதினேன். மழை பெய்து மீன்களெல்லாம் எங்கள் குசினிக்குள் வந்து, தாங்களாகவே சட்டிக்குள் ஏறிப் படுத்தன என்று எழுதினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. "மகள், அறையில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். நாலு தரம் வாசிக்கச் சொன்னாங்க." எனக்குக் கால் தரையில் படவில்லை. இது உயர்வு நவிற்சி அல்ல.

பிறகு ஒரு நாள் பின்னேரம், உம்மா வழக்கம்போல் "நாங்க சுகம்" என்று சொல்லி நிறுத்தினா. கோழியைப் பற்றிச் சொல்லவில்லை. முற்றத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ்வளவுதான், தாள மடி" என்று எழும்பிப் போனா. தாளில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. வெறுமையான தாளைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? பிரிந்த பெண்ணின் வளையல் கழன்று விழும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். விழுந்தால் போதுமா? நான் எழுதினேன்: "உம்மா மெலிந்து மெலிந்து, மணிக்கட்டில் கிடந்த வளையல் தோள் வரைக்கும் ஏறிவிட்டது. அவ அழுத கண்ணீரில் கிண்ணியா மூழ்கி, பாதை எங்கள் வாசலில் வந்து நிற்கிறது." பாதை என்றால் எங்கள் ஊரில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் தட்டைப் படகு. எழுதி முடித்து நானே மூன்று தரம் வாசித்து மகிழ்ந்து, நாக்கால் நனைத்து ஒட்டிவிட்டேன்.

பதில் வரவில்லை. வாப்பாவே வந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, துறையடியிலிருந்து தம்பி கத்திக்கொண்டு ஓடி வந்தான். "வாப்பா பாதையில வாறார்! வாப்பா!" ஒழுங்கை முழுவதும் அவன் பின்னால் ஓடி வந்தது. தாடி வளர்ந்து, கண் சிவந்து, ஒரே ஒரு பையோடு வாப்பா உள்ளே நுழைந்தபோது, உம்மா வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஆட்டை ஊரே கேட்கும்படி ஏசிக்கொண்டிருந்தா. முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பருத்துமிருந்தா.

"என்ன வருத்தம்?" என்றார் வாப்பா.

"ஆருக்கு?"

"உனக்குத்தான்!"

அவர் சட்டைப்பையிலிருந்து நீலத்தாளை எடுத்து, ஒழுங்கையே கேட்க, தோள் வரைக்கும் ஏறிய வளையலை வாசித்தார். நான் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டேன்.

"யா அல்லாஹ்! இத நான் சொல்லல்ல. மழையும் மீனும் எழுதினவள்தானே இதையும் எழுதினது? உங்களுக்கு விளங்கல்லையா?"

"மழையப் பத்தி எழுதினாச் சிரிக்கலாம். இதுக்குச் சிரிக்க ஏலுமா?"

உம்மாவின் முகம் சிவந்தது. சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டா. "அவள் எழுதினது அவ்வளவும் புளுகு," என்றா. பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா, பொய்யில்ல."

வாப்பா கதிரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அலுமாரி இடுக்கால் பார்த்த எனக்குத் தெரியவில்லை. எனக்கு அடி விழவில்லை. இரவு உம்மா கோழி அறுத்துக் கறி வைத்தா.

ஆனால் அவசர விடுமுறை முடியுமுன்னே சவூதி அறைக் கூட்டாளிகளிடமிருந்து கடிதம் வந்தது: பவுசரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். இனி வரத் தேவையில்லையாம். என் வளையல் ஒரு மனிதனின் வேலையைத் தின்றுவிட்டது. நான் பேனையைத் தொடவே பயந்தேன். தவணைச் சோதனையில் 'மழைக்காலம்' என்ற கட்டுரைக்கு, "மழை பெய்யும். குடை பிடிக்க வேண்டும்" என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

வாப்பா பிறகு கந்தளாய்க்கு நெல் லொறி ஓட்டினார். பின்னேரத்தில் வீட்டுக்கு வந்து, தம்பியை வயிற்றில் ஏற்றிவைத்துக்கொண்டு முற்றத்தில் படுத்திருப்பார். அப்படி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அறைக் கூட்டாளிகளுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். நான், "வாப்பா சுகம். லொறி ஓட்டுகிறார்" என்று எழுதி நீட்டினேன். வாசித்தார்.

"கொஞ்சம் கூட்டி எழுது மகள்," என்றார். "உள்ளத உள்ளபடி எழுதினா, நான் எவ்வளவு சந்தோசமா இருக்கிறன் எண்டு அவங்களுக்கு எப்பிடி விளங்கும்?"

அன்று நான் எழுதியதைப்போல அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. வாப்பாவின் லொறிக்கு முன்னால் யானைகள் வரிசையாக நின்று வழி விட்டன. அவர் சிரித்த சிரிப்பில் கந்தளாய்க் குளம் நிரம்பி வழிந்து வான்பாய்ந்தது. இன்று நான் கதை எழுதிப் பிழைக்கிறேன். பெரிதாக்கும் எதற்கும் உள்ளே ஓர் உண்மை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இப்போது பாதை ஓடிய இடத்தில் நீளப் பாலம் நிற்கிறது. தபால் கந்தோரில் நீலத்தாள் கேட்டால், அங்கிருக்கும் பிள்ளை என்னை விசித்திரமாகப் பார்க்கிறாள். தம்பி கட்டாரில் வேலை செய்கிறான். நாள் தவறாமல் வீடியோவில் வருகிறான். போன கிழமை அவன் வீட்டுக்கு நான் போனபோது அவன் மனைவி குசினியில் தனியாக இருந்து அழுதுகொண்டிருந்தாள். போன் அடித்ததும் முகத்தைக் கழுவி, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். "ஓம், ஒண்டுமில்ல, நல்லா இருக்கிறம்" என்று சிரித்தாள்.

தம்பி நம்பிவிட்டான். நம்பாமல் என்ன செய்வான்? கண்ணாலேயே பார்த்தானே.