துணைக்கு வந்த அண்ணன்

மூத்த மகள் வயிற்றில் இருந்தபோதுதான் என் உடம்பில் மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பது தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில், விழுப்புரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை அது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், கூடப் பிறந்தவர்களையும் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. எனக்குக் கூடப் பிறந்தவன் ஒரே அண்ணன். திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல்லில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்துகொண்டிருந்தான். வெற்றிலை பாக்குகூடப் போடாதவன். அவனுக்கும் அதே கிருமி.

அவன் அதை நம்பவே இல்லை. டிராக்டர் கண்ணாடியில் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தை என்னிடம் நீட்டினான். "கண்ணு மஞ்சளா இருக்கா பாரு பாப்பா. நல்லாதானே கீறேன்?" கண் மஞ்சளாக இல்லாவிட்டால் காமாலையும் இல்லை என்பது அவன் கட்சி. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, தலை நரைத்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான்.

டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். "உங்களைவிட உங்க அண்ணனைத்தான் ஜாஸ்தி கவனிக்கணும். ஆம்பளை ஹார்மோன் இந்தக் கிருமிக்குத் தீனி போடுது. பொம்பளை ஹார்மோன் ஓரளவுக்கு அடக்கி வைக்குது. அதனாலதான் கல்லீரல் புற்றுநோய் ஆம்பளைங்களுக்கு அதிகமா வருது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குக் குஷியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் மரக்காணத்து வஞ்சிர மீன் வந்தால் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு. ஏன் என்று கேட்டால் ஆம்பளைப் பிள்ளை என்பாள் அம்மா. ஒரு விஷயத்திலாவது நடுத்துண்டு என் பக்கம் வந்ததே என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். தெருவுக்கு வந்ததும் அந்தக் குஷி போய்விட்டது. அவன் இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

நேராகச் சொன்னால் வரமாட்டான். அதனால் எனக்கு ஸ்கேன் என்றால் பயம், வீட்டுக்காரருக்கும் லீவு கிடைக்காது, நீ துணைக்கு வா என்றேன். தங்கச்சி துணைக்குக் கூப்பிட்டு அவன் வராமல் இருந்ததே கிடையாது. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி, என்னைத் திட்டிக்கொண்டே விழுப்புரம் வந்து இறங்கினான். "இதுக்குப் போயி பயந்துக்கினு கீறியே பாப்பா, ஊசி கூட இல்லையே." இவ்வளவு தூரம் வந்ததுதான் வந்தாய், நீயும் ஒரு தடவை படுத்துவிட்டு எழுந்திரு என்பேன். முணுமுணுத்துக்கொண்டே படுப்பான். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்பதால், முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் ரெண்டு பேரும் பேயாய்ச் சாப்பிடுவோம். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது.

ஒரு தடவை என்னைப் பார்த்து முடித்தவர்கள் அவனை மட்டும் எழுந்திருக்க விடவில்லை. மறுபடி மூச்சைப் பிடி, திரும்பிப் படு என்றார்கள். கல்லீரலில் கட்டி. நல்லவேளை, சின்னதாக இருந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கண் விழித்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கண்ணு மஞ்சளா இருக்கா பாரு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகும் ரெண்டு பேருமாக ஸ்கேனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். நான் ஐம்பதைத் தொட்ட சமயம், டாக்டரம்மா அவனை வைத்துக்கொண்டே மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேட்டார். அண்ணன் சட்டென்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். நின்றுவிட்டது என்றேன். "அப்போ இனிமே நீங்களும் ஜாக்கிரதையா இருக்கணும். இத்தனை நாள் உங்க ஹார்மோன் காவல் இருந்துச்சு. அன்னைக்கே சொன்னேனே, ஆபத்து உங்க அண்ணனுக்குத்தான் அதிகம், அவரைத்தான் ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வரணும்னு."

மின்விசிறியிலிருந்து அவன் பார்வை மெதுவாக என்மேல் இறங்கியது.

ஓட்டலில் தோசையைப் பிட்டவன் வாயில் வைக்கவில்லை. "அப்ப உனக்கு ஸ்கேனுன்னா பயமே கெடையாதா?"

"கெடையாது."

"இத்தினி வருஷமா எனக்காகவா பொய் பேசிக்கினு வந்த?"

நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது இமையை இழுத்துக் காட்டாமலே அவன் கண் தெரிந்தது. மஞ்சளாக இல்லை, சிவந்திருந்தது.

எப்போதும் நான் போன் போட்டுக் கெஞ்சித்தான் அவனை வரவழைப்பேன். அடுத்த முறை நான் கூப்பிடவே இல்லை. காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், முதல் பஸ்ஸிலேயே வந்து கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"கெளம்பு பாப்பா. துணைக்கு வந்துக்கீறேன்."

அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. பையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தேன்.