கார் பார்க்கில் நான் நீட்டிய பிஸ்டல்

நான் ஒரு மனிதரை நோக்கித் துப்பாக்கி நீட்டியிருக்கிறேன். அவர் எதிரி அல்ல, கள்ளனும் அல்ல. கையில் வடையும் முறுக்கும் வைத்திருந்தவர்.

இத்தனை காலமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன ஆள், இதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுத வைத்தவர் நேசன்.

நேசன் பிராங்பேர்ட் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளிப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். போன சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போனால், கடையில் ஒரே விவாதம். ஸ்டேஷன் பகுதியில் ஆயுதம் கொண்டு திரியத் தடை இருக்கிறது. அது போதுமா, போதாதா?

“தடை என்ரை கடைக்கு முந்தின தெருவோடை முடியுது,” என்றார் நேசன். “அங்கை திரிய ஏலாதவங்கள் எல்லாம் இஞ்சைதான் வருவாங்கள். சட்டத்துக்குப் பயப்பிடுறவன் நான். அப்ப வெறுங்கையோடை நிக்கிறதும் நான்தானே?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முருங்கைக்காய் தேர்ந்துகொண்டிருந்த ஒரு அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். “உம்மட்டை துவக்கு இருந்தா நான் இந்தக் கடைக்கு வரமாட்டன். கத்தரிக்காய் அழுகலெண்டு சொல்லவும் பயமாய்க் கிடக்கும்.”

எல்லோரும் சிரித்தோம். நேசன் சிரிக்கவில்லை. என்னை அரிசி மூட்டைப் பக்கம் கூப்பிட்டார்.

“அண்ணை, காஸ் பிஸ்டல் ஒண்டு வாங்கப் போறன். கொண்டு திரியிறதுக்கு அனுமதி எடுக்கோணும். அந்த அன்ட்ராக் படிவத்தை ஒருக்கா நிரப்பித் தாங்கோ.”

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஜெர்மனியில் உண்மையான கைத்துப்பாக்கி சாதாரண ஆளுக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. காஸ் பிஸ்டல் அப்படியல்ல. பதினெட்டு வயதானால் கடையில் வாங்கலாம். குண்டு வராது; சத்தமும் கண்ணெரிக்கும் காஸும்தான் வரும். ஆனால் பார்வைக்கு அசல். அதை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே போகத்தான் அனுமதி வேண்டும்.

எனக்குத் தெரியும். நான் எடுத்தவன்.

சில வருடங்களுக்கு முன், கலியாண வீடுகளிலிருந்து திரும்பும் எங்கள் ஆட்களைப் பின்தொடர்ந்து நகை பறிக்கிறார்கள் என்று ஒரே கதை. எங்கள் கலியாணங்களில் பெண்கள் போட்டு வருவது உங்களுக்குத் தெரியாததா? நகையைக் குறைப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. படித்த மனிதன்… பிஸ்டல் வாங்கினேன்.

அனுமதி தருமுன் என்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று பார்த்தார்கள். இல்லை. நான் எவ்வளவு பயந்தவன் என்று பார்க்க அவர்களிடம் வழி இருக்கவில்லை.

எசன் நகரில் ஒரு கலியாணம். சாப்பாடு முடிந்ததும், அவசரத்தில் யாரிடமும் சொல்லாமல் நானும் மனைவியும் புறப்பட்டுவிட்டோம். கார் பார்க்கில் நடக்கிறோம். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். மனைவி தன் கழுத்து நகையில் கை வைத்தார். நான் திரும்பினேன் — கையில் பிஸ்டலோடு.

ஓடி வந்தவர் யோகன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். போர் கண்ட ஊரிலிருந்து வந்து, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் காத்திருந்தவர். விருந்தாளியைப் பலகாரப் பை இல்லாமல் அனுப்பினால் எங்களில் வீட்டுக்காரருக்கு மானம் போய்விடுமே. சொல்லாமல் போகிறவரைத் துரத்திப் பிடித்தாவது கொடுத்துவிடுவோம். யோகனை அதற்குத்தான் அனுப்பியிருந்தார்கள்.

பை விழுந்தது. யோகன் முழங்காலில் இருந்தார். தலை குனிந்து, இரண்டு கையும் பிடரியில். நான் ஒரு சொல்கூடச் சொல்லியிருக்கவில்லை. அப்படி இருக்க அவர் எங்கே பழகினார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

“தம்பி, எழும்பும். இது காஸ்தான். விளையாட்டுச் சாமான் மாதிரி,” என்று சிரித்தேன். ஆம், சிரித்தேன்.

அவர் எழும்பவில்லை. மனைவி பட்டுச் சேலையோடு குந்தி, தார் நிலத்தில் சிதறிய வடைகளைப் பொறுக்கினார்.

“உங்களுக்குத் தின்னத் தர ஓடி வந்த பிள்ளையப்பா,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதுவரை செய்ததைப் பயம் என்று சொல்லித் தப்பலாம். பிறகு செய்ததை அப்படிச் சொல்ல முடியாது.

“ஒருத்தருக்கும் சொல்லாதையும், தம்பி. பொலிஸ் அது இதெண்டு போனா உமக்குத்தான் கரைச்சல்.”

விசா இல்லாதவர் பொலிஸுக்குப் போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பிஸ்டலை உள்ளே வைத்த பிறகும் நான் அவரை மிரட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இவ்வளவையும் நேசனிடம் சொன்னேன்.

“அது நீங்கள் பயந்ததாலை வந்தது, அண்ணை. நான் பயப்பிடமாட்டன்.”

“பயமில்லாட்டி ஏன் வாங்குறீர்?”

அவர் கல்லாப் பக்கம் திரும்பிப் போனார். அன்ட்ராக்கை வேறு யாராவது நிரப்பிக் கொடுப்பார்கள். நான் கொடுக்கவில்லை.

பிஸ்டலையும் அனுமதியையும் நான் கலியாணம் நடந்த அந்த வாரமே பொலிஸில் ஒப்படைத்தேன். ஏன் என்று கேட்டார்கள். தேவையில்லை என்றேன். அது சுலபமான வேலை. யோகனின் வாசலுக்குப் போகத்தான் மாதக்கணக்காயிற்று.

எசனில் அவர் இருந்த அறைக்குப் போய், செய்தது பிழை என்று சொன்னேன். “வாரும், பொலிஸிலை நானே எல்லாத்தையும் சொல்லுறன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.”

“வேண்டாம் அண்ணை. அங்கை போனா என்ரை பேரையும் எழுதுவினம்.” அடுப்புப் பக்கம் திரும்பினார். “இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கோப்பையோடு வந்தபோது, மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கோட்டுக்குள் கை விட்டேன். யோகன் அப்படியே நின்றுவிட்டார். தேநீர் அவர் விரலில் வழிந்தது. என் கை வெளியே வரும்வரை அவர் கண் அதைவிட்டு அசையவில்லை.

“கண்ணாடியோ,” என்றார் பிறகு.

இப்போது அவருக்கு விசா கிடைத்துவிட்டது. வேலைக்குப் போகிறார். எசன் பக்கம் போனால் நான் பார்க்காமல் வருவதில்லை. கதைப்பார், பகிடி விடுவார், சாப்பிடாமல் அனுப்பமாட்டார். நான் கோட்டைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் கதவைத் தட்டுகிறேன்.

போன தை மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. “என்ன அண்ணை, வெறும் சேட்டோடை வாறியள்? குளிரேல்லையோ?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். இந்தப் பொய்க்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.