முடிக்கக் கூடாத சட்டை

அந்தப் புத்தகத்தில் முப்பது குழந்தைச் சட்டைகள் இருந்தன, ஒரு குழந்தைகூட இல்லை. ஒவ்வொரு சட்டையையும் வெள்ளை விரிப்பின் மேல், கை இரண்டையும் அகல நீட்டிப் படுக்கவைத்துப் படம் எடுத்திருந்தார்கள். பள்ளிவாசல் என்ற மலையூரில் நான் வேலை பார்க்கும் தங்கும் விடுதியில் ஒரு ஜப்பான்காரப் பெண்மணி விட்டுப்போன பின்னல் புத்தகம் அது. மூன்று மாதம் அலமாரியில் கிடந்தும் யாரும் கேட்டு வரவில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் மேனேஜர்.

நான் முதலமடைக்காரி. மாந்தோப்பு வெயிலில் காய்ந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மேலே வந்த முதல் மழைக்காலத்தில் குளிர் எலும்பைக் குடைந்தபோதுதான், போனில் வீடியோ பார்த்துப் பின்னல் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். ஊரில் இதைச் சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஜப்பான் எழுத்து தெரியாதது ஒரு குறையாகவே இல்லை. எல்லாம் கட்டம் போட்ட படம். ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி. எண்களும் நாம் எழுதும் எண்கள்தான். ஒரே ஒரு முறை எழுத்தைப் போனில் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னேன். 'முப்பது கண்கள் உறங்கட்டும்' என்று வந்தது; கண்ணியைத்தான் கண் என்கிறது போல. அதோடு போனை எடுத்து வைத்துவிட்டேன்.

சட்டை என் நாத்தனார் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு. அவள் என் கணவரின் தங்கை. பிரசவத்துக்காக தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள். இது மூன்றாவது. முதல் இரண்டும் ஏழாம் மாதத்திலேயே பிறந்தன. ஒன்று அரை நாள் இருந்தது, மற்றது அழக்கூட இல்லை. தேயிலைக் காட்டுக்கு மேலே, மரங்கள் வரிசையாக நிற்கும் சரிவில் இரண்டையும் புதைத்திருந்தார்கள். இதுவாவது தங்க வேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லோர் நினைப்பும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறக்குமுன் பிள்ளைக்குப் புதுத்துணி சேர்க்கக் கூடாது என்பது என் பிறந்த வீட்டிலும் உண்டு, புகுந்த வீட்டிலும் உண்டு. பிறந்ததும் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தான் சுற்றுவார்கள். எனக்கு இதிலெல்லாம் எரிச்சல்தான் வரும். இந்தக் குளிரில் ஒரு பச்சை உடம்புக்குக் கிழிந்த வேட்டி போதுமா?

"யாருக்கு இது?" என்று என் மடியிலிருந்த பின்னலைப் பார்த்து மாமியார் கேட்டார்.

"விடுதிக்கு வர்ற ஒரு அம்மாவுக்குங்க அத்தை" என்று கூசாமல் பொய் சொன்னேன். நாத்தனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் ஆரம்பித்தேன். வெண்ணெய் நிற நூல். கீழிருந்து மேலே போகிற பின்னல், கழுத்துப் பட்டியில் முடியும். வேலைக்குக் கிளம்பும்முன் கொஞ்சம், வந்தபின் கொஞ்சம். முடித்த வரிசையைப் புத்தகத்தில் பென்சிலால் கோடிட்டுவிட்டு, எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் என் பெட்டிக்குள் வைப்பேன்.

ஒருநாள் நாற்பதாவது வரிசையில் கோடு இருந்தது, கையில் முப்பத்து நான்குதான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் தப்பாகக் கோடிட்டிருப்பேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி எட்டு வரிசை குறைந்தது. ஓர் அடையாளத்துக்காக நாற்பத்தைந்தாம் வரிசையில் சிவப்பு நூல் துண்டு ஒன்றைக் கோத்து வைத்தேன். மறுநாள் சிவப்பு நூல் தனியாகப் பெட்டியின் மூலையில் கிடந்தது. நூலுருண்டையைத் தொட்டுப் பார்த்தேன். புது நூல் வழவழவென்று நேராக இருக்கும். இது பின்னிப் பிரித்த நூல், நெளிநெளியாக இருந்தது. நான் பின்னியது நிஜம், அதை ஏதோ ஒன்று திரும்ப எடுத்துக்கொண்டதும் நிஜம்.

மனசு கண்டதையும் நினைத்தது. மேலே சரிவில் கிடக்கும் இரண்டுக்கும் ஒரு முழத் துணிகூட நாங்கள் தைத்துப் போட்டதில்லை. தம்பிக்கோ தங்கைக்கோ சட்டை வளர்வதை அவை பார்த்துக்கொண்டிருக்குமோ? இதை என் புருஷனிடம் சொல்லியிருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பார். சொல்லவில்லை. பெட்டியைத் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

ஏழாம் மாதம். மழையில் மண் சரிந்து விடுதிக்கு ஆட்கள் வரவில்லை, மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கதவு திறந்தே கிடந்ததால் மூடுபனி வீட்டுக்குள் வந்திருந்தது. நாத்தனார் எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கை மட்டும் மெதுவாக மேலே போய்ப் போய் வந்தது. வயிற்றின் மேல் அந்தச் சட்டை. ஒவ்வோர் இழுப்புக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வந்தது. பிறகு நிறுத்தி, தொங்கிய கண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசியில் ஏற்றினாள். ஒன்றுகூட நழுவவில்லை. என் கையைப் பார்த்தே பழகியிருக்கிறாள்.

"ஏன் அம்மிணி இப்படிப் பண்றே?" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "முடிச்சிராதீங்க மதினி" என்றாள். "மொதத் தடவ என் கல்யாணச் சேலையக் கிழிச்சு யாருக்கும் தெரியாம ஒரு சட்ட தச்சேன். கடைசிப் பொத்தான் வச்ச அன்னைக்குச் சாயங்காலம் வலி எடுத்துருச்சு. ரெண்டாந்தடவ ஒரு தொப்பி. அது முடிஞ்ச மறுநாள். நாந்தான் மதினி அதுகள வெளிய கூப்பிட்டேன். இது முடியாம இருக்குற வரைக்கும் இந்தப் புள்ள உள்ளயே இருக்கும்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டு நான் முடித்து, நாளைக்கு அவளுக்கு வலி வந்தால்? மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் காலையில் ஆறு வரிசை பின்னுவேன், பகலில் அவள் ஐந்தைப் பிரிப்பாள். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. ஏழாம் மாதம் போனது. எட்டும் ஒன்பதும் போயின. சட்டை நத்தை வேகத்தில் கழுத்துப் பட்டிக்கு வந்து, அங்கேயே நின்றது.

பத்தாம் மாதத்தில் வலி எடுத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதல் நாள் போனவளுக்கு மறுநாள் மதியம் ஆகியும் பிரசவம் ஆகவில்லை. பிள்ளை இறங்கவில்லை, இதயத் துடிப்பு குறைகிறது என்றார்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பையில் சட்டை இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு மலையாள நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இவிடே யாரு மதினி? எதையோ முடிக்கச் சொல்லி அழுறாங்க. சீக்கிரம் முடிக்கணுமாம்."

மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். "முடிச்சிரு தாயி" என்றார்.

இத்தனை மாதமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊசியை எடுத்து, ஒரு கண்ணியை அடுத்ததின் மேல் தூக்கிப் போட்டு மூடிக்கொண்டே போனேன். வேர்த்துக் கொட்டியது. கடைசிக் கண்ணி வந்ததும் நூலைப் பல்லால் கடித்து, அதற்குள் விட்டு இழுத்தேன். முடிச்சு இறுகியது. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை வீறிட்டது.

மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்து கும்பிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. பயத்துக்குப் பின்னால் ஒன்று புரிந்தது: இந்தச் சட்டை முடிந்ததால் இந்தப் பிள்ளை வந்தது என்றால், அந்த இரண்டையும் அவள்தான் வரவழைத்தாள் என்று ஆகிவிடும். சாகும்வரை அவள் அதைச் சுமப்பாள். அதற்கு நான் சாட்சி சொன்ன மாதிரி ஆகும்.

இறுகின முடிச்சை நகத்தால் நெம்பினேன். நகம் பிளந்து ரத்தம் வந்தது, விடவில்லை. பன்னிரண்டு கண்ணிகள் வரைக்கும் பிரித்து ஊசியில் ஏற்றினேன்.

அவளைப் பார்க்க விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. பெண் குழந்தை பழைய வேட்டிக்குள் சிவப்பாக உறங்கியது. அவள் அதைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள்.

"முடிச்சீங்களா?"

"எங்கே அம்மிணி முடிச்சேன்? கை ஓடவே இல்லை. பாரு, இன்னும் பன்னெண்டு கண்ணி அப்படியே இருக்குது. அதுக்குள்ள உன்ற மக தானா வந்துட்டா."

அவள் சட்டையை வாங்கி, ஊசியிலிருந்த கண்ணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பன்னிரண்டு வந்ததும் இன்னொரு முறை எண்ணினாள். அப்புறம்தான், அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் அவள் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.