செருப்பைப் பார்த்துச் சொன்ன நேரம்

கோவில்பட்டி கரண்ட் ஆபீஸில் புகார் எழுதும் மேசையில் அவர் இருந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். புயல் மழைக்குப் பிறகு எந்த ஊருக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் திரும்பும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள் அப்போதுதான் அவருடைய கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. ஊர்ப் பெயரையும் சாய்ந்த கம்பங்களின் எண்ணிக்கையையும் தட்டுவார். திரையில் நேரம் வரும். அதைச் சொன்னதும் எழுந்து, மேசைக்கு மேலாக எட்டி, வந்தவரின் காலைப் பார்ப்பார்.

நான் பசுவந்தனையிலிருந்து போயிருந்தேன். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது என்று அவரிடம் சொன்னேன்.

"மூணு கம்பம். மத்தியானம் ரெண்டரைக்கு வந்துரும்னு போட்டிருக்கு" என்றவர், என் செருப்பைப் பார்த்தார். ஈரக் கரிசல் மண் நான்கு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும் அண்ணாச்சி. அம்மையக் கூட்டிட்டு இங்கன வந்துருங்க."

"கம்ப்யூட்டர் ரெண்டரைன்னு சொல்லுதே?"

"அது ரோட்டுல போற கணக்கு. கம்பம் கெடக்கது வெள்ளாமைக் காட்டுக்குள்ள. இந்தச் சகதியில லாரி இறங்காது, ஆளுகதான் தோள்ல சுமக்கணும். சகதிய எழுத இதுல இடம் இல்ல. உங்க செருப்புலதான் இருக்கு."

அன்றே அம்மாவை பஸ்ஸில் அழைத்து வந்து கோவில்பட்டியில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டேன். ஊரில் மறுநாள் மாலை ஐந்து நாற்பதுக்குக் கரண்ட் வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார். அதைச் சொல்லிப் பாராட்டுவதற்காகக் கரண்ட் ஆபீஸுக்கு மறுபடி போனேன்.

"அம்மை எப்படி இருக்காவ?" என்றார்.

"ராத்திரி நல்லாத் தூங்கினாவ."

"அப்பம் சரி" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை.