மகளைக் கேட்டுவிட்டு

என் கணவர் ஒன்பது வருடம் வேறொருவரின் கண்ணாலும்தான் பேப்பர் வாசித்தார். வலது கண்ணில் புண் வந்து கருவிழி வெள்ளையாகிப்போக, இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை எடுத்து வைத்தார்கள். யார் எவர் என்று சொல்லவில்லை. கட்டு அவிழ்த்த கிழமையே இவரும் கண்தானப் படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

"இடது கண் என்ட சொந்தக் கண். நல்ல கண். நான் போய் நாலு மணித்தியாலத்துக்குள்ள கண்தானக்காரருக்குச் சொல்லிப்போடும். மறந்தீரெண்டால் பேயா வந்து பிடிப்பன்" என்பார்.

"மறக்கிறதுக்கு நான் என்ன மோடச்சியே?" என்பேன்.

மறக்கவும் இல்லை. அதுதான் கொடுமை.

போன வருடம் ஒரு காலை ஒன்பது மணிக்கு, தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் கீழ்மாடி டொக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "முடிஞ்சுது அம்மா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கண்தான இலக்கத்தைப் பார்த்தேன். போனை எடுத்தேன். எடுத்து, மகளுக்கு அடித்தேன்.

எங்கள் வீட்டில் அப்படித்தான். தண்ணி மோட்டர் மாற்றுவதென்றாலும் கனடாவைக் கேட்க வேண்டும். அங்கே நடுச்சாமம், அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். லண்டனிலிருந்த மைத்துனர் உடனே எடுத்தார்.

"பிள்ளையைக் கேக்காம கண்ணில ஒருத்தரையும் கை வைக்க விடாதேங்கோ அண்ணி. பிறகு அவள் சண்டை பிடிப்பாள்."

சரி என்றேன்.

கதிரையை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். பத்து மணி. பதினொன்று. ஆட்கள் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் கல்லுப்போல இருந்துகொண்டு மகளுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். அவர் சொன்ன நாலு மணித்தியாலம் முடிகிற ஒரு மணியும் போனது. போகிறதென்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டரைக்கு மகள் எடுத்தாள். அவள் அழுது ஓய்ந்த பிறகு கண் விஷயத்தைக் கேட்டேன்.

"அப்பா கையெழுத்து வச்சவர்தானே அம்மா? அதுக்கு ஏன் என்னைக் கேக்கிறீங்கள்?"

அதற்குப் பிறகுதான் அந்த இலக்கத்துக்கு அடித்தேன். உயிர் போனது எத்தனை மணிக்கு என்று ஒரு பெண் சிங்களத்தில் கேட்டாள். சொன்னேன். பிந்திவிட்டது அம்மா என்றாள். கோபிக்கவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எங்களுக்கு முகம் தெரியாத ஒருவர் தந்தார். நாங்கள் அந்த நல்ல கண்ணையும் சேர்த்து எரித்தோம்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிய நானும் கையெழுத்து வைத்தேன். எதிர் வீட்டு முஸ்லிம் அக்காவின் கதவைத் தட்டி, இலக்கம் எழுதிய துண்டைக் கையில் கொடுத்தேன்.

"எனக்கு மூச்சு நிண்டால் முதல் இதுக்கு அடியுங்கோ அக்கா. அழுறதெல்லாம் பிறகு."

அவர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மகள்கிட்டக் கேக்காமயா?"

"கேக்காமத்தான்."