அம்மிக்கு டயர் பாலிஷ்

எங்கள் அடுப்படி ஒரே ஒரு நாள் புதுக் கார் வாசம் அடித்தது. அன்று நான் தின்ற கேசரியிலும் அந்த வாசம் லேசாக இருந்தது. அதற்காக நான் ஒரு கவளம்கூட மிச்சம் வைத்துவிடவில்லை.

வண்டிப்பெரியாரில் தேயிலை எஸ்டேட் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு எங்களுடையது. விறகுப் புகையைக் குடித்துக் குடித்து அடுப்படிச் சுவர் கறுத்துப் போயிருக்கும். அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். தினமும் பஸ் ஏறிக் குமுளிக்குப் போய், சுற்றுலா வரும் கார்களைக் கழுவிப் பளபளப்பாக்குவது அவர் வேலை.

அந்த மாமாவுக்குக் கம்பத்தில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மாமா குளிக்கும்போது பாட ஆரம்பித்திருந்தார். இனி பெண் வீட்டார் மலையேறி வந்து எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இல்லையென்றால் காப்பித் தண்ணியோடு சரி. இந்தச் சட்டமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வடையும் கேசரியும் உண்டு என்பது மட்டும் தெரியும். என் வயிறு அந்த வயதிலேயே என்னைக் கேட்காமல் முடிவெடுக்கும்.

ஒரு சிக்கல் இருந்தது. தரகரிடம் அம்மா, தம்பி குமுளியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுவதாகச் சொல்லிவைத்திருந்தாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கழுவிய காரை நிழல்வரைக்கும் மாமா ஓட்டத்தான் செய்தார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மாமா ஒரு சாக்குப் பை நிறைய புட்டிகளோடு வந்து இறங்கினார். இஞ்சின் கரி எடுக்கும் மருந்தைச் சுவரில் அடித்ததும் பழைய புகையெல்லாம் கஷாயம்போல வழிந்தது. கார் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எவர்சில்வர் அலமாரிக்கு. டேஷ்போர்டு பாலிஷ் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு. காரில் தொங்கவிடும் ஸ்ட்ராபெரி வாசனை அட்டை அரிசிப் பானைக்கு மேலே. எடுபிடி நான். கடைசியில் டயர் பாலிஷ் மிஞ்சியது. சுற்றுமுற்றும் பார்த்தோம். அந்த நிறத்துக்கு ஏற்றது அம்மி ஒன்றுதான் இருந்தது. பூசி முடித்தபோது, தள்ளிவிட்டால் உருண்டு போய்விடும் போல மினுங்கியது.

வேலை முடிந்து வந்த அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏலே, நாளைக்கு இதுல சட்னி அரைக்கவா, இல்ல இதுமேல ஏறிக் கம்பத்துக்குப் போகவா?”

“பளபளப்பப் பாருக்கா!”

“ஓன் தலையில தடவு அத.”

அம்மா சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். பிறகு பக்கத்து வீட்டு அம்மியைத் தேடிப் போனாள்.

மறுநாள் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த அத்தை அங்கிருந்தே கூப்பிட்டாள். “அண்ணே, இங்க வாங்க. லயத்து வீட்டு அடுப்படியா இது?”

“எப்படி மாப்ள எடுத்தீக இந்தப் புகையெல்லாம்?” என்றார் பெண்ணின் அப்பா.

சிரித்துவிட்டு மாமா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் வேலையைப் பற்றி அதுவரை யாருமே அவரிடம் கேட்டதில்லை. கார் துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து உதறி நாலாக மடித்தார். அலமாரிப் பக்கம் திரும்பினார். “மருந்த நேரா அடிக்கக் கூடாது மாமா, துணியிலதான் அடிக்கணும். ஒரே பக்கமா இழுக்கணும். வட்டமாத் தேச்சா வெயில்ல கோடு தெரியும்.”

“அடுப்படிக்குள்ள ஏது மாப்ள வெயிலு?”

மாமாவின் கை அப்படியே நின்றது.

“வண்டி ஓட்டுறவன்ல, சுத்தம் பாப்பான்” என்று அம்மா அவசரமாக இடையில் விழுந்தாள்.

“எந்த வண்டி ஓட்டுறீக?”

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். அவர் துடைத்த துடைப்பில் அவர் முகமே அதில் தெரிந்திருக்கும்.

“ஓட்டல மாமா. கழுவுறேன்.”

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “கழுவுறது ஒண்ணும் குறச்சல் இல்ல தம்பி” என்றார் பெண்ணின் அப்பா. “அதையே மொதல்ல சொல்லியிருக்கலாம்.”

மாப்பிள்ளை, தம்பி ஆகிப்போனதை அம்மா கவனித்தாள். நான் வடையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

“எல போட்டாச்சுண்ணே, ஒரு வாய் சாப்புட்டு…”

“மழை வர்றாப்புல இருக்கு தாயி. மலை எறங்கணும். இன்னொரு நாளு பாப்போம்.”

அதன் பிறகு வந்த இடங்களுக்கெல்லாம் மாமா முதலிலேயே ‘கழுவுறேன்’ என்று சொல்லிவிடுவார். யாரும் மலையேறி வரவில்லை. குளியலறையிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஆனால் அந்த மத்தியானம் எனக்குத் திருவிழா. போட்ட இலைகள் போட்டபடி கிடக்க, ஒன்றின் முன்னால் போய் உட்கார்ந்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, எல்லா இலைக் கேசரியையும் என் இலைக்குத் தள்ளினார். சாப்பிடாமல் போகிற விருந்தாளிகளைவிட நல்லவர்கள் உலகத்தில் உண்டா? வாய் கொள்ளாமல் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“மாமா, அவுக அடுத்த வாரமும் வருவாகளா?”

அம்மா கையை ஓங்கினாள். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து, என் வாயை ஒரே பக்கமாக, மெதுவாகத் துடைத்தார். கேசரியெல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் என்ன ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாய்க்காக வாயைத் திறந்து வைத்திருந்தேன்.