விளிச்சதும் முழிச்சதும்

கல்யாணமாகி நான் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது ஐம்பதுகள் முடியப்போகும் நேரம். கணவர் மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அதுவரை மாடி அறையில் நானும் என் தையல் மெஷினும்தான். மலையாளம் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்து, சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் கட்டியிருக்கும்.

துணியை வெட்டுவதற்கு முன் நான் கைகளை ஆட்டியாக வேண்டும். முக்கால் கெஜத் துணியில் ஒரு ரவிக்கையைத் தேற்றும் வழி, காகிதத்தில் கோடு போட்டால் எனக்குப் பிடிபடாது. இடது உள்ளங்கைதான் துணி. வலது கை முதுகுப் பாகம். அதைக் கவிழ்ப்பேன், விரல்களை மடக்கி மடக்கி நீட்டி மடிப்பு எங்கே வரும் என்று தேடுவேன். கையைக் கட்டிக்கொண்டு யோசித்தால் புத்தி ஓடவே ஓடாது. "என்னடி, காத்துல தச்சுக்கிட்டிருக்கே?" என்று அம்மா கேலி செய்வாள்.

வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் நின்றுதான் இதெல்லாம். தெரு குறுகல். எதிர் மாடியில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு சேச்சி இருந்தாள். ஒருநாள் அவள் படியேறி வந்து, ஈரக் கையை முண்டில் துடைத்துக்கொண்டே, "எந்தினா என்னெ விளிச்சே?" என்று கேட்டாள். என் காதில் அது 'விழிச்சே' என்று விழுந்தது. எதற்கு என்னைப் பார்த்து முழித்தாய் என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டேன்.

"நான் ஏன் உங்களப் பாத்து முழிக்கணும்? என் வேலையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன், வெடுக்கென்று. பாவம், மறுநாளும் வந்தாள். அதே கேள்வி. நான் கதவைச் சாத்தினேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"விளிக்கிறதுன்னா இங்க கூப்பிடுறது. நீ கையக் கவுத்து விரல மடக்குனா, வான்னு கூப்பிடுறேன்னுதான நெனப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கூப்பிட்டதாக நினைத்து, பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டுப் படியேறி வந்தவள், அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். அவளைத்தான் விரட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் நான் துணியைத் தொடவில்லை. ஜன்னலில் காத்துக்கொண்டு நின்றேன். அவள் துணி உலர்த்த வந்ததும் வலது கையை நீட்டி, கவிழ்த்து, விரல்களை மடக்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் கையை ஆட்டியதில்லை.

அவள் பார்த்தாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நன்றாகவே சிரித்தாள்.

"நிங்ஙளுடெ ஆளு பறஞ்ஞு. தையலின்டெ கணக்கல்லே? நடக்கட்டெ, நடக்கட்டெ."

நான் கையை ஆட்டுவது தையல் கணக்குத்தான், யாரையும் கூப்பிடுவதில்லை என்று கணவர் காலையில் வேலைக்குப் போகும்போதே அவளிடம் விளக்கிவிட்டிருந்தார். எனக்கு நல்லது செய்ததாக அவருக்கு நினைப்பு.

சேச்சி என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். முந்தின நாள் அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய எனக்கு வாய் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கை தானாக ஆடியது. அவள் துணிகளை உலர்த்தி முடித்து, என் பக்கம் ஒருமுறை பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.